திரை நகரலை, அண்ணா

சிரிப்பு வரும். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் உடனே கேட்டால் கிடைக்காது, ஏனென்றால் இப்போதுதான் போன் மணி போய்க்கொண்டிருக்கிறது, அங்கே புனேயில், என் அண்ணன் தினாவின் மேசையிலோ கட்டிலிலோ சட்டைப் பையிலோ, எங்கே என்று எனக்குத் தெரியாது, அந்த அறையை நான் பார்த்ததில்லை, வீடியோவில் ஒரு சுவரும் பாதி ஜன்னலும் தெரியும், அவ்வளவுதான். இங்கே கரூரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா குளித்தலைக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருக்கிறாள், அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில், ஏதோ ஒரு வண்டி நாளைக்கே ரோட்டில் ஓட வேண்டுமாம், வீட்டில் இருப்பது நான், ஓடுகிற மின்விசிறி, ஓடாத மாதிரி நடிக்கிற கம்ப்யூட்டர். நடிப்புச் சொல்லிக்கொடுத்தது நான்தான். காலையிலேயே வேலையை முடித்துவிட்டேன். திரையில் நாலைந்து ஜன்னல்களைத் திறந்து வைத்து, அதை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தையே பின்னணியாகப் போட்டு, பிறகு நிஜ ஜன்னல்களை எல்லாம் மூடி, ஐகான்களை மறைத்து, கீழே இருக்கிற பட்டையையும் ஒளித்துவிட்டேன். இப்போது திரையில் தெரிவதெல்லாம் வெறும் படம். மவுஸ் அம்பு மட்டும் நிஜம், அது பாட்டுக்கு நகரும், எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்காது, சுவரில் வரைந்த கதவை எத்தனை தரம் தள்ளினால் என்ன. மூலையில் கடிகாரம்கூடப் படம்தான். வெளியே வெயில் சாய்ந்துவிட்டது, திரையில் இன்னும் காலை. தாங்கள் அழைக்கும் நபர், என்று நான் போனுக்கு முன்னால் நானே ஆரம்பிக்கிறேன், போன் கம்பெனியின் அந்தப் பதிவுப் பெண்மணியின் குரலில், மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டால் போதும், தாங்கள் அழைக்கும் நபர் தற்போது நம்மை மறந்துவிட்டார், என்று முடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

ம், சொல்லு பாப்பா, என்கிறான். அந்த ம்-இலேயே அவசரம் இருக்கிறது. நான் குரலை ஒரு பிடி இறக்கிக்கொண்டு, அழுகைக்குப் பக்கத்தில் ஆனால் அழுகை இல்லாமல், கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு அண்ணா, திரை நகரவே மாட்டேங்குது, என்கிறேன். வீடியோவில் காட்டச் சொல்கிறான். காட்டுகிறேன். போனைத் திரைக்கு நேராகப் பிடித்து, இன்னொரு கையால் கிளிக், கிளிக், கிளிக், பாத்தியா ஒண்ணுமே ஆகல. அம்பு நகருதா என்று கேட்டான். நகருது. அப்ப முழுசா சாகல, என்றான் டாக்டர் மாதிரி. கேப்ஸ் லாக்கை அமுக்கு, லைட் எரிஞ்சு அணையுதா பாரு, என்றான். இங்கேதான் நான் யோசிக்க வேண்டியிருந்தது. எரியலை என்று சொன்னால் உள்ளே ஒன்றும் உயிரோடு இல்லை என்று ஆகிவிடும், அப்படியானால் பவர் பட்டனை அமுக்கிப் பிடி, ஆஃப் ஆயிடும், திரும்பப் போடு, என்பான், அதோடு முடிந்தது, சரி பாப்பா, வச்சுடட்டா. இல்லை, எல்லாம் எரிகிறது, எல்லாம் வேலை செய்கிறது என்றாலும் அதே வச்சுடட்டா. செத்தாலும் போனை வைப்பான், பிழைத்தாலும் வைப்பான். ஆகவே சாகவும் கூடாது, பிழைக்கவும் கூடாது, இரண்டுக்கும் நடுவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டிரெச்சரில் கிடக்கிற மாதிரி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எரியுது அண்ணா, ஆனா லேட்டா எரியுது, என்றேன். லேட்டா-வா, என்றான். பிறகு, நெட் சரியா இல்ல பாப்பா, வீடியோ வேண்டாம், பேசிக்கிட்டே பார்க்கலாம், என்றான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீபோர்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். பேசிக்கிட்டே, என்று அவன் சொன்ன வார்த்தையை எடுத்து ஒருமுறை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஏனென்றால் அவனுடைய இந்தக் குரல்தான் மிமிக்ரியில் எனக்கு வராத குரல். எனக்கு எல்லாரும் வருவார்கள். மினிபஸ் கண்டக்டர் வருவார், காந்திகிராமம் காந்திகிராமம் ஏறு ஏறு, உள்ளே போ, உள்ளே பூராக் காலி, என்று. பிசிக்ஸ் எடுக்கிற மரகதம் மிஸ் வருவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் புரிஞ்சுதா புரிஞ்சுதா என்று வால் வைத்துக்கொண்டு. அம்மா வருவாள், அப்பா வருவார், அப்பா இருமுவதற்கு முன்னால் ஒரு இழுப்பு இழுப்பாரே, அதுகூட வரும். பழைய தினா வருவான், நன்றாகவே வருவான், அவன் குளிக்கப் போயிருக்கும்போது அவன் போனை எடுத்து அவன் நண்பர்களோடு அவனாகவே பேசி, சாயங்காலம் கிரிக்கெட்டுக்கு வர்றேன் என்று ஒத்துக்கொண்டு, அவன் தலை துவட்டிக்கொண்டே வெளியே வந்தால் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். ஆனால் இப்போதைய தினா வரவில்லை. குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது, நடுநடுவே ஓகே, ரைட், என்று ஏதோ வந்து உட்கார்கிறது, முடிவில் எல்லாம் கொஞ்சம் தேய்கிறது, ஆபீசில் யாருக்கோ பணிந்து பேசிப் பேசி வந்த தேய்வாக இருக்கும். அதைப் பிடிக்கலாம் என்று பார்த்தால் சரக்குப் பத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் வரும், முதலில் அம்மா, சாப்பிட்டியா, மழையா, உன்ற துணியெல்லாம் யாரு துவைக்கறா, பிறகு அப்பா, உடம்பப் பாத்துக்கோ, பிறகு போன் சூடேறி என் கைக்கு வரும்போது அவனிடம் மிச்சம் இருப்பது, அப்புறம் பாப்பா, படிக்கிறியா, சரி, வச்சுடட்டா. இந்த ஒரு வரியை மட்டும் என்னால் அச்சாகச் சொல்ல முடியும். வச்சுடட்டா. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் சொல்வதைக் கேட்டு அம்மா சமையல்கட்டிலிருந்து, யாரு தினாவா, லைன்ல இருக்கானா, குடு என்கிட்ட, என்று ஈரக் கையோடு ஓடி வந்தாள். அதுவும் சிரிப்புதான். ஆனால் நான் சொன்ன சிரிப்பு அது இல்லை. அது இன்னும் இருக்கிறது.

சேவ் பண்ணாம எதாச்சும் திறந்திருக்கா, என்று கேட்கிறான். இதை நான் எதிர்பார்த்தேன். பிசிக்ஸ் பிராஜெக்ட் அண்ணா, ரெண்டு வாரமா அடிச்சது, நாளைக்குக் குடுக்கணும், என்று சொல்லி, நடுவில் மரகதம் மிஸ்ஸை ஒரு தரம் அழைத்துவந்து, திங்கக்கிழமை வரலைன்னா இன்டர்னல் மார்க்குல கைவைப்பேன், புரிஞ்சுதா, என்று சொல்ல வைத்தேன். அவன் மூக்கால் ஒரு ஊது ஊதினான். அவனுடைய சிரிப்பு அவ்வளவுதான் எப்போதும். வாயைத் திறந்து சிரித்து யாரும் பார்த்ததில்லை, ஊதினால் பாஸ். இந்த அறையில், அவன் இதே நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கருப்புத் திரையில் எதையோ அடித்துக்கொண்டிருப்பான், நான் பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு அன்றைக்குப் பிடித்துவந்த புதுக் குரலை எடுத்துவிடுவேன், அவன் திரும்ப மாட்டான், முதுகு மட்டும் கேட்கும், ஊது வந்தால் அந்தக் குரல் தேறிவிட்டது, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம். இப்போது புதுக் குரல்கள் எல்லாம் அப்படியே தேறாமல் கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள். அவர்கள் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறார்கள். சரி, நீ அவசரப்படாதே, என்றான், பிராஜெக்ட் போகாம பார்த்துக்கலாம், மெதுவாப் பண்ணுவோம். மெதுவா. நான் மவுஸைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு, மூணையும் சேர்த்து அமுக்கு, கருப்புத் திரை வரும், படம் எல்லாம் போயிடும், பயப்படாதே, என்றான். வரும் என்று எனக்கும் தெரியும். அது இந்த மெஷினின் பின்வாசல், முன்கூடத்தில் எது விழுந்து அடைத்துக்கொண்டாலும் அந்த வழியாக உள்ளே போய் விழுந்ததை அப்புறப்படுத்தலாம். அங்கே பேர் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும், பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது, ஒருமுறை அம்மா அதைப் பார்த்துவிட்டு, கீபோர்டு செத்துப்போச்சுடா, எழுத்தே விழுகல, என்று துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அமுக்கவில்லை. அமுக்கின மாதிரிச் சத்தம் கேட்பதற்காக எஃப் மூணை மட்டும் தட்டிவிட்டு, வந்துடுச்சு அண்ணா, என்றேன்.

டாப்-னு அடி, உள்ள ஓடற புரோகிராம்ல யார் யார் எவ்வளவு சாப்பிடறாங்கன்னு காட்டும், என்றான். டி, ஓ, பி என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மூன்று கட்டையைத் தட்டினேன், காலை நேரத்துப் படத்தில் ஒன்றும் அசையவில்லை. மேலே யாரு இருக்கா. நான் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புப் பெண்மணியை வரவழைத்தேன், பயணிகள் கனிவான கவனத்திற்கு, முதலாவதாக வந்துகொண்டிருப்பது பிரவுசர், முக்கால்வாசியை அதுவே சாப்பிட்டுவிட்டது. ஊது. அதுக்குக் கீழே, என்றான். கீழே என்ன சொல்வது, நான் எதையும் யோசித்து வைக்கவில்லை, அந்த பிராஜெக்ட் அடிக்கிற ஆபீஸ் சாஃப்ட்வேர் அண்ணா, என்றேன். அதுக்கும் கீழே. அவன் ஏன் இப்படித் தோண்டுகிறான், மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பயம், ஆனாலும் அந்தப் பயத்தில் ஒரு ருசி இருந்தது, எத்தனை மாசத்துக்குப் பிறகு இவன் என்னிடம் அதுக்கும் கீழே, அதுக்கும் கீழே, என்று கேட்கிறான். ஏதோ பேர் தெரியாத ஒண்ணு அண்ணா, சின்னது, ஒரு மூலையில இருக்கு, ஒண்ணுமே சாப்பிடல, சும்மா இருக்கு, என்றேன். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. நன்றாகக் கேட்டேன், ஒரு டிவி இல்லை, பேச்சு இல்லை, பாத்திரம் இல்லை, எங்கோ ஒரு குழாய் மட்டும் சொட்டுகிறது. ரூம்ல யாரும் இல்லையா, என்றேன். ரூம்காரங்க எல்லாரும் லோனாவாலாவுக்கு டூர் போயிட்டாங்க, ரெண்டு நாள் லீவு. நீ போகலையா. ம்ஹூம், என்றான். அந்த ம்ஹூம்-ஐ நான் உடனே எடுத்துக்கொண்டேன், புதுச் சரக்கு, தேய்வில்லாமல் இருந்தது.

பிறகு அவன் சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் உலுக்கியது. மெஷின் பழசாயிடுச்சு பாப்பா, என்றான், சும்மா ஒரு பேச்சாக, வேற ஒண்ணு வாங்கிடலாமா, லேப்டாப்பா அனுப்பிடறேன், ஹேங்கே ஆகாது. ஹேங்கே ஆகாத ஒன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். எதைக் காரணமாகச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடுவேன். சும்மாதான் கூப்பிட்டேன் என்று கூப்பிட முடியாதா என்றால், முடியாது, ஒருமுறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன், என்ன பாப்பா, யாருக்கு என்ன ஆச்சு, என்று பதறிப்போய் எடுத்தான், ஒண்ணும் இல்லை என்றதும், மீட்டிங்ல இருக்கேன், வச்சுடட்டா. எங்கள் வீட்டில் காரியம் இல்லாமல் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் கெட்ட செய்தி என்றுதான் அர்த்தம். இந்தப் பெட்டியை அவன்தான் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக் கட்டினான், மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் கிர்ரென்று அதிரும், அதற்கு ஒரு தீப்பெட்டி அட்டையை மடித்துச் சொருகியிருக்கிறான். கிளம்பின அன்றைக்குக்கூட, அப்பா வாசலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு கத்துகிறார், இவன் பையை மாட்டிக்கொண்டு நின்றபடியே ஷட்டவுன் கொடுத்துவிட்டு, அது ஒவ்வொன்றாக மூடி, விசிறி நின்று, திரை முழுக்க அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான், பிறகுதான் திரும்பினான். அவனிடம் அப்போது சொல்வதற்கு நான் ஒரு குரல் தயாராக வைத்திருந்தேன், ஏர்போர்ட் அறிவிப்பு, சொல்லவில்லை. வேண்டாம் அண்ணா, இதே இருக்கட்டும், என்றேன் இப்போது. என் சொந்தக் குரலாக இருந்திருக்க வேண்டும், எனக்கே அது யார் என்று சட்டென்று தெரியவில்லை. சரி சரி, என்றான் அவன், இதையே சரி பண்ணிடலாம்.

கடைசி வழி ஒண்ணு இருக்கு, எது கேட்காட்டியும் இதைக் கேட்கும், என்றான். ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா அமுக்கணும், நடுவுல இடைவெளி விடணும், வேகமாப் பண்ணினா கெட்டுப்போயிடும், நான் சொல்லச் சொல்லப் பண்ணு. ஆர், என்றான். ஆர்-ஐ மட்டும் தட்டினேன். அது கீபோர்டைத் திரையோட பிடியிலிருந்து பிடுங்கறது, கொஞ்சம் பொறு, என்றான், பொறுக்கிற நேரத்தில் மத்தியானம் என்ன சாப்பிட்டே என்று கேட்டான். அம்மா வெண்டைக்காய் வதக்கி வச்சுட்டுப் போனா. புளி விட்டா, விடாமலா. விட்டு. ம், என்றான், அந்த ம் வேறு, வாயில் எச்சில் ஊறின ம். ஈ, என்றான். எல்லாரையும் மரியாதையாக் கிளம்பச் சொல்றது. நான் அம்மா குரலில், நேரமாகலையா, இருட்டறதுக்குள்ள போய்ச் சேர வேண்டாமா, என்றேன். ஐ. மரியாதைக்குக் கிளம்பாதவங்களைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்றது. அப்பா வந்தார், இருமலுக்கு முந்தின இழுப்போடு. ஊது, இரண்டு ஊது. எதிர்வீட்டுல மாடி கட்டி முடிச்சாச்சா, என்றான். எஸ், கையில இருக்கறதை டிஸ்க்ல எழுதி வைக்கறது, இதுக்குக் கொஞ்சம் அதிகமா நேரம் குடுக்கணும். நாங்கள் நேரம் கொடுத்தோம். அவன் அங்கே கடையில் கிடைக்கிற தோசையைப் பற்றிச் சொன்னான், உள்ளே சர்க்கரைப் பாகு மாதிரி எதையோ தடவித் தருகிறானாம். நான் அந்த மாடியில் புதிதாகக் குடிவந்த மாமி ராத்திரி பகல் பாராமல் யாரையோ ஹிந்தியில் திட்டுவதைத் திட்டிக் காட்டினேன், வார்த்தை ஒன்றும் எனக்குத் தெரியாது, ராகம் மட்டும் சரியாக இருக்கும், அவனுக்கு வார்த்தை தெரியும்போல, இது நல்ல திட்டு பாப்பா, ஸ்கூல்ல சொல்லிடாதே, என்றான். யூ, என்றான் ரொம்ப நேரம் கழித்து, இனிமே யாரும் எதையும் கிறுக்காம பூட்டறது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் பி மட்டும்தான், அது மெஷினை மறுபடி ஆரம்பிக்கிறது, அதற்குப் பிறகு நான் ஐயோ வந்துடுச்சு அண்ணா என்று சொல்ல வேண்டியதுதான், வேறு பொய் என்னிடம் இல்லை, பிறகு அவன் சொல்ல வேண்டியதை அவன் சொல்வான். என் விரல் பி-க்கு மேலே நின்றது. ஒரு நிமிஷம், என்றான், அமுக்காதே. அந்தப் பக்கம் தடதடவென்று அவன் எதையோ அடிக்கிற சத்தம். ஆபீஸ் வேலை வந்துவிட்டது போல, இதோ, இதோ சொல்லப்போகிறான், என்று நான் உதட்டை அசைத்து அவனுக்கு முன்னால் அவன் வரியைச் சொல்லத் தயாரானேன்.

பாப்பா, என்றது ஒரு குரல். போனிலிருந்து இல்லை. திரைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சின்ன ஸ்பீக்கர்களிலிருந்து. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு வெட்டு. பாப்பா. படம். நல்லா. இருக்கு. நான் நாற்காலியோடு பின்னால் போய்க் கட்டிலில் மோதிக்கொண்டேன். திரையில் ஒன்றும் அசையவில்லை, அங்கே இன்னும் காலை, ஆனால் அது பேசுகிறது. எழுதிக் கொடுத்தால் வாசித்துக் காட்டுகிற புரோகிராம் ஒன்றை அவன் எப்போதோ இதில் போட்டு வைத்திருந்தான், ஆனால் எழுதிக் கொடுக்க ஆள் உள்ளே வேண்டுமே, முன்பெல்லாம் அவன் அங்கிருந்தபடியே நெட் வழியாக இந்த மெஷினுக்குள் வருவான், நெட்காரன் வந்து நெட் பெட்டியை மாற்றிவிட்டுப் போன பிறகு வழி அடைபட்டுப் போச்சு, இனி வர முடியாது என்று அவனே சொன்னான், சொன்னதோடு சரி, திறந்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிரவுசர். எதுவும். சாப்பிடல, என்றது குரல். நீ. போன். பண்றதுக்கு. முன்னாடியே. நான். உள்ளதான். இருக்கேன். கூப்பிடுவதற்கு முன்னாடியே. அப்படியானால் கேப்ஸ் லாக் லேட்டாக எரிந்ததும், வராத கருப்புத் திரையும், மூலையில் சும்மா இருந்த பேர் தெரியாத ஒன்றும், எல்லாம் பொய் என்று தெரிந்துதான் அதுக்கும் கீழே அதுக்கும் கீழே என்று கேட்டிருக்கிறான். அப்படியானால் ஆர் எதற்கு, ஈ எதற்கு, எஸ்ஸுக்கு அவ்வளவு நேரம் எதற்கு, வெண்டைக்காயில் புளி விட்டால் அவனுக்கு என்ன, விடாவிட்டால் என்ன. எல்லாரும் லோனாவாலா போயிருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆள் அங்கே ஒரு சுவருக்கும் பாதி ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, யாரையும் கூப்பிட ஒரு காரியமும் இல்லாமல், கரூரில் ஒரு மெஷின் ஓடுகிறதா என்று சும்மா உள்ளே வந்து பார்த்துக்கொண்டு. போனில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் வருகிறது, மறுபடி தடதடவென்று அடிக்கிறான், அந்தத் தகரக் குரல் தொண்டையைச் செருமாமல் அடுத்ததைச் சொல்கிறது, பி. அமுக்காதே. இன்னும். கொஞ்ச. நேரம். ஹேங்காவே. இருக்கட்டும்.